ஐஸ் பெட்டி சொன்ன வாழ்த்து

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதிலும் கணக்கில் தட்டித் தடவித்தான் தேறினேன். சாஃப்ட்வேரை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று சொல்ல இன்ஜினியரிங் படித்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்து அதையே பெரிய அளவில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் வல்லத்திராக்கோட்டையில், மாடிப்படிக்குக் கீழே போட்ட மேசையில் உட்கார்ந்து, சின்னக் கடைகளுக்கு புரோகிராம் எழுதிக் கொடுக்கிறவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசக்கூட வராது. பேச வராதவள் எழுத மட்டும் எப்படித் துணிந்தாள் என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு தப்பு செய்தேன். அதை வாயால் விளக்கிப் பார்த்தேன், ஒருவருக்கும் புரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் முடித்ததும் புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாசலில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, செருப்பை வெளியே விடச் சொல்வது என் வேலை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் பாடம் நடக்கும். ஆறு வருடம் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்துதான் நான் புரோகிராம் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மெஷினில் உட்கார்ந்து, காதால் கேட்டதைக் கையால் அடித்துப் பார்ப்பேன். கேள்வி கேட்க வழியில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

புரோகிராமைப் பொருள் பொருளாகப் பிரித்து எழுதுவதற்கு வைத்த ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்ற சொல்லை முதலில் கேட்டது அந்தத் தடுப்பு வழியாகத்தான். எல்லாப் பாடத்திலும் ஒரே உதாரணம். விலங்கு என்று ஒன்று இருக்கிறது. நாய் ஒரு விலங்கு, அது குரைக்கும். பூனை ஒரு விலங்கு, அது மியாவ் என்னும். மாடு ஒரு விலங்கு, அது ம்மா என்னும். விலங்கைப் பார்த்து ‘சத்தம் போடு’ என்று சொன்னால் போதும், எது எது எப்படிச் சத்தம் போட வேண்டுமோ அது அது அப்படிப் போட்டுக்கொள்ளும். பின்னாளில் நான் படித்த புத்தகங்களிலும் இதே நாய், இதே பூனை. எல்லாம் சத்தம் போடுகிறவை. இதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்து நான் புரிந்துகொண்டது கொஞ்சம்தான். ஒரு பொருளின் வேலையை அந்தப் பொருளே பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் உள்விவகாரத்தில் வெளியில் இருக்கிறவர்கள் கையை விடக் கூடாது. ஒரு மாற்றம் வந்தால் ஒரே இடத்தில் கை வைத்தால் போதும் என்று இருக்க வேண்டும். பத்து இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தால் எழுதியவள் தப்பாக எழுதியிருக்கிறாள். அப்புறம் சிக்கல். சிக்கலை ஒழித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். சிக்கல் ஒழியாது. அதை எந்த அலமாரியில் வைப்பது என்று முடிவு செய்வதுதான் நம் வேலை. தப்பான அலமாரியில் வைத்தால், வேறு எதையோ எடுக்கக் கதவைத் திறக்கும்போது தலையில் விழும்.

இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆற்றாமை. ஒரு வீட்டைக் கட்டினால் சுவர் தெரியும். ஒரு சட்டையைத் தைத்தால் தையல் தெரியும். நான் புரோகிராமில் ஒரு பகுதியை மூன்று நாள் யோசித்து, பிரித்து, அழித்து, மறுபடி எழுதி, பெயர் வைத்து முடித்தால், பார்க்கிறவருக்குத் தெரிவது திரையில் ஒரு பட்டன். “உள்ளுக்குள்ள எப்படி இருந்தா என்னம்மா, தட்டுனா வரணும்” என்பார்கள். வந்துவிட்டால், “இம்புட்டுத்தானா?” என்பார்கள்.

போன வருடம் ஒரு வாடகைச் சாமான் கடைக்கு வேலை வந்தது. புதுக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது. பந்தல், சேர், ஜமுக்காளம், அண்டா, தேக்சா, சீரியல் விளக்கு என்று ஒரு விசேஷத்துக்கு வேண்டிய எல்லாம் வாடகைக்கு விடுவார்கள். கடைக்காரர் திருமயம் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். குடோனைப் பார்த்துக்கொள்வது என்னைவிட இரண்டு வயது இளைய ஒரு பெண். அவள் பேச்சுக்குப் பயந்துதான் லோடு ஏற்றுகிற ஆட்கள் ஒழுங்காக இருக்கிறார்கள். என்னை யக்கா என்று கூப்பிடுவாள். அந்த யக்காவில் எப்போதும் கொஞ்சம் கிண்டல் இருக்கும்.

முகூர்த்த நாளில் ஒரே அண்டாவை இரண்டு வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் திண்டாடிக்கொண்டிருந்தார். அதற்குத்தான் புரோகிராம். பத்து மாதம் அதற்காகவே உட்கார்ந்தேன், வேறு வேலை எடுக்கவில்லை. முதல் முறையாக, யாரோ எழுதிப் பாதியில் விட்டதைச் சரிசெய்யாமல், அடியிலிருந்து நானே வடிவமைத்தது. இந்தக் கடையில் அது நிலைத்து நின்றால், அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கம் இன்னும் மூன்று கடைக்காரர்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இங்கே தூக்கிப் போட்டால் அங்கேயும் கிடையாது. அப்புறம் நான் வீட்டு வாசலில் ஜெராக்ஸ் மெஷின் போட்டு உட்கார வேண்டியதுதான்.

முதலில் நான் அண்டாவை வெறும் எண்ணிக்கையாக வைத்திருந்தேன். நாற்பது அண்டா, ஆறு வெளியே போனால் முப்பத்து நாலு. அது நடக்கவில்லை. நாற்பது அண்டாவும் நாற்பது விதம். ஒன்றுக்குக் காது உடைந்திருக்கும், ஒன்றில் பாயசம் வைத்தால் அடிபிடிக்கும். மூடி இன்னும் மோசம். நாற்பது மூடியும் இருக்கும், எதுவும் எதிலும் சரியாக உட்காராது. அதனால் ஒவ்வொரு அண்டாவையும் தனி ஆளாக மாற்றினேன். மூடியை அண்டாவுக்குள் வைத்தேன். அண்டா கிளம்பினால் அதன் மூடியும் பட்டியலில் தானாக வரும். தனியாக மூடியை யாரும் கேட்க முடியாது.

குடோன்காரி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “யக்கா, இந்த மூடி இருக்கிறமாதிரி எங்க லோடுமேனுக்கும் ஒரு தலையைப் போட்டுக் குடுங்க. அது அதுபாட்டுக்குக் கழண்டு போயிருது.”

எல்லாப் பொருளுக்கும் மேலே ‘சாமான்’ என்று ஒரு கிளாஸ் வைத்தேன். கிளாஸ் என்றால் ஒரு அச்சு மாதிரி. சாமான் என்ற அச்சில் என்ன எழுதுகிறேனோ, அது அண்டாவுக்கும் வரும், சேருக்கும் வரும், ஜமுக்காளத்துக்கும் வரும். எல்லாச் சாமானும் வெளியே போகும், திரும்பி வரும், அழுக்கானால் கழுவப் போகும். அதை ஒருமுறை எழுதினால் போதும். அழகாகத்தான் இருந்தது. அப்போது.

சாமான்களைப் பதிவு செய்ய குடோனுக்குப் போன அன்று ஒன்று நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை. கடையில் விளக்கேற்றி, சாம்பிராணி போட்டிருந்தார்கள். குடோனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் எட்டு அண்டாவும் கொஞ்சம் தேக்சாவும் தனியாக இருந்தன. எல்லாவற்றிலும் விளிம்பில் நீலப் பெயின்ட் பொட்டு.

“அங்கிட்டு இருக்கிறதை இப்ப எழுத வேணாம்க்கா. அது வேற. பெறகு பாத்துக்கலாம்” என்றாள் குடோன்காரி, குரலைத் தாழ்த்தி.

எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. அவை சாவு விழுந்த கேத வீட்டுக்கும் கருமாதிக்கும் போகிற பாத்திரங்கள். அதை விளக்கேற்றிய கடையில் வாயால் சொல்ல மாட்டார்கள். அது என்ன வேற, அதற்கு என்ன விதி, சேருக்கும் பந்தலுக்கும் அதே மாதிரி உண்டா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்காமல் தப்பித்தோம் என்றுதான் இருந்தது. பிறகு ஒருநாள் அவளே அந்தப் பாத்திரங்களின் எண்களை எழுதிக் கொடுத்தாள். ‘நீலப் பொட்டு’ என்று ஒரு கட்டம் போட்டு அதோடு விட்டேன்.

இரண்டு மாதம் ஓடியது. புரோகிராம் நன்றாக வேலை செய்தது. ஒருநாள் அண்ணன் போன் செய்தார்.

“தங்கச்சி, ஒரு சின்ன வேலை. சாமான் வண்டியில ஏறுனதும் பார்ட்டிக்கு ஒரு வாட்ஸ்அப் போகணும். வாழ்த்துச் சொல்லி. திரும்பி வந்ததும் நன்றி சொல்லி இன்னொண்ணு. திருச்சியில ஒரு கடையில பாத்தேன், அப்படிச் செய்றாங்க.”

“செய்யலாம்ணே, கொஞ்சம் யோசிச்சு…”

“யோசிக்க என்னம்மா இருக்கு? ஒரு வரிதானே?”

ஒரு வரிதான். எல்லாக் கடைக்காரர்களும் ஒரு வரிதானே என்கிறார்கள். அந்த ஒரு வரியை எந்த இடத்தில் எழுதுவது என்பதுதான் என் முழுப் பிழைப்பும். வாழ்த்து என்பது அண்டாவின் வேலையில்லை. சேரின் வேலையுமில்லை. அது விசேஷத்தின் வேலை. ‘விசேஷம்’ என்று தனியாக ஒரு கிளாஸ் எழுதி, கல்யாணமா, காதுகுத்தா, கிரகப்பிரவேசமா என்று பதிவு போடும்போதே கேட்டு, அது அதற்கு ஏற்றதை அது அது சொல்ல விட வேண்டும். எனக்கு அது அன்றைக்கே தெரியும். ஆனால் அப்படிச் செய்ய வேண்டுமென்றால் கடைக்குப் போய், அண்ணன் எதிரில் உட்கார்ந்து, என்னென்ன விசேஷம் வரும், ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். கடையில் நாலு பேர் இருப்பார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுப்பார். எல்லோரும் என் வாயையே பார்ப்பார்கள்.

அதனால் அந்த வரியை ‘சாமான்’ கிளாஸில் போட்டேன். உச்சியில். அங்கே போட்டால் எல்லாவற்றுக்கும் வந்துவிடும். யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. பத்து நிமிட வேலை.

போகும்போது போகிற மெசேஜ்: “தங்கள் இல்ல விசேஷம் சீரும் சிறப்புமாக நடைபெற வாழ்த்துகிறோம்.” திரும்பி வந்ததும் போவது: “எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி. மீண்டும் மீண்டும் வாய்ப்பளிக்க வேண்டுகிறோம்.” வாசகம் அண்ணன் சொன்னது. ‘மீண்டும்’ இரண்டு தடவை வேண்டும் என்று அவர்தான் கேட்டார்.

இவ்வளவு நாளும் கேத வீடுகளுக்குப் போன நீலப் பொட்டுப் பாத்திரங்களுக்கும் சேருக்கும் மெசேஜ் போகாதது என் திறமையால் இல்லை. குடோன்காரி அவற்றைப் பதிவே போடுவதில்லை. தன் கையால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சாமான் வந்ததும் கிழித்துப் போட்டுவிடுவாள். அது எனக்குத் தெரியாது.

அப்புறம் அண்ணன் ஐஸ் பெட்டி வாங்கினார். இறந்தவர் உடலை வைக்கிற, கண்ணாடி மூடி போட்ட பெட்டி. அது பெரிய பொருள், கரண்ட் கனெக்ஷன், ரிப்பேர் எல்லாம் உண்டு. அதனால் பதிவில் இருக்க வேண்டும் என்று அண்ணனே சொன்னார். நான் ‘சாமான்’ அச்சில் ‘ஐஸ் பெட்டி’ என்று ஒரு புதுப் பிள்ளையைச் சேர்த்தேன். ஏழு நிமிடம். நேரம் பார்த்துவைத்தேன், ஏனென்றால் பெருமை. ஒரு புதுப் பொருள் வந்தால், பழையது எதிலும் கை வைக்காமல் ஏழு நிமிடத்தில் சேர்க்க முடிகிறதே, வடிவமைப்பு என்றால் இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனேன். அன்று மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது.

பெட்டி முதன்முதலாகப் போனது பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்கு. எழுபது வயதுப் பெரியவர். விவசாயம் பார்த்தவர், பத்து ஊரில் சொந்தம். பெட்டி வண்டியில் ஏறியதும் அவருடைய மூத்த மகன் போனுக்கு வாழ்த்துப் போனது. மறுநாள் பெட்டி திரும்பி வந்ததும், மீண்டும் மீண்டும் வாய்ப்பளிக்கச் சொல்லி நன்றி போனது.

மூன்றாம் நாள் காலையில் அந்த மகன் கடைக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் எனக்குப் போன் செய்தபோது, “கடைக்கு வாங்க” என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. தங்கச்சி என்றும் சொல்லவில்லை.

நான் போனபோது அண்ணன் பழைய நோட்டை எடுத்து மேசையில் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது.

“அந்தப் பையன் ஒண்ணுமே திட்டலை தங்கச்சி. போனை எடுத்து என் முன்னால வச்சான். படிங்க மாமா, சத்தமா படிங்கன்னான். நான் படிச்சேன். கடையில ஆளுக இருக்காங்க, நான் படிக்கிறேன். சீரும் சிறப்புமான்னு.” அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இந்தப் புரோகிராமே வேணாம். தூக்கிருங்க.”

நான் விளக்கப் பார்த்தேன். “அண்ணே, அது… மேல இருக்கிற கிளாஸ்ல போட்டதால கீழ இருக்கிற எல்லாத்துக்கும் அது எறங்கி வந்துருது. ஐஸ் பெட்டியும் சாமான்தானேன்னு…”

“ஐஸ் பெட்டி சாமானாம்மா?”

பத்து மாதம் யோசித்து வைத்த அடித்தளத்தை அவர் ஒரே கேள்வியில் தட்டிவிட்டார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். குடோன்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யக்கா, நல்லவேளை, பெட்டிக்குள்ள இருந்தவருக்கு ஒரு மெசேஜ் போடாம விட்டீங்க” என்றாள்.

“நீ சும்மா இரு” என்றார் அண்ணன். அவர் வாய் ஓரம் லேசாக அசைந்ததைப் பார்த்தேன். அது கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

“என்ன செய்யணும்ணே?”

“நீங்களே போயிக் கேதம் கேட்டுட்டு வாங்க. அவுக மனசு ஆறுனாத்தான் இங்க இது இருக்கும். இல்லேன்னா இந்த நோட்டுத்தான். பத்து ஊரு சொந்தம் அவுகளுக்கு. அத்தனை பேர் வீட்டு விசேஷத்துக்கும் நம்ம பந்தல்தான் போகுது.”

இதைவிடப் பெரிய தண்டனை எனக்குக் கொடுத்திருக்க முடியாது. தெரியாத வீட்டு வாசலில் ஏறி, நான் யார் என்று சொல்ல வேண்டும். குடோன்காரி, “நானும் வாரேன், வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் போகும்போது நான் மனதுக்குள் வசனம் தயார் செய்துகொண்டே போனேன். ஒன்றும் நிற்கவில்லை.

கேத வீட்டில் பெண்களுக்கு ஒரு வசதி உண்டு. உள்ளே போனதும் பேச வேண்டியதில்லை. உட்கார்ந்து, இருக்கிறவர்கள் தோளில் கையைப் போட்டு அழுதால் போதும். இறந்தவரின் மனைவி பக்கத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். அந்த அம்மா நான் யார் என்றே கேட்காமல் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். காலையிலிருந்து எனக்குள் தேங்கியிருந்தது வெளியே வந்தது. அது யாருக்கான அழுகை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து மருமகள் கேட்டாள். “நீங்க எந்த ஊருங்க? மாமாவுக்கு என்ன மொறை?”

நான் குடோன்காரியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். வேண்டுமென்றேதான்.

“சாமான் கடையிலேருந்து வாரோம்” என்றேன்.

வெளியே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த மூத்த மகன் எழுந்து கதவருகில் வந்தார். மொட்டையடித்த தலை. “கடைக்காரர் கம்ப்யூட்டர் தானாப் போட்டுச்சுன்னாரு. கம்ப்யூட்டருக்குத் தெரியுமா எங்க அப்பா செத்தது? அதுக்குச் சொல்லிக் குடுத்தது யாருங்க?”

“நாந்தாங்க” என்றேன்.

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. அவரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சண்டை போட வந்தவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

“அப்பா போனது காலையில எட்டரைக்கு. சொந்தக்காரவுக யாருக்கும் இன்னும் சொல்லி முடிக்கலை. பெட்டிக்குத்தான் மொதல்ல போன் போட்டேன். ஒம்பதரைக்கு மெசேஜ் வந்த சத்தம் கேட்டுச்சு. யாரோ துக்கம் விசாரிச்சுப் போட்டிருக்காங்கன்னு எடுத்தேன்.” அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். “மொத மெசேஜுங்க அது.”

நான் தயார் செய்து கொண்டுபோன எந்த வசனமும் இதற்கு ஆகவில்லை. “தப்புங்க” என்றேன். “என் தப்புங்க.”

மருமகள்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “மாமா இருந்திருந்தா, வாழ்த்துக்கு நன்றி, நீங்களும் குடும்பத்தோட வந்துட்டுப் போங்கன்னு பதில் போடச் சொல்லிருப்பாரு.”

அந்த அம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டு, மறுபடி பெரிதாக அழுதார். மகன் வெளியே போய்த் தன் சேரில் உட்கார்ந்தார். மன்னித்தாரா, இல்லையா என்று தெரியவில்லை. கேட்க முடியுமா?

சிறிது நேரம் இருந்துவிட்டு எழுந்தோம். யாரிடமும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. எழுந்து பேசாமல் வந்துவிட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவாடை கட்டின வயதிலிருந்து தெரியும். இப்போதுகூட என் கால் தானாக எழுந்து தானாக வந்தது. ஆனால் மீண்டும் மீண்டும் என்று மெஷினில் அடித்ததும் இதே ஆள்தான். இத்தனை நாளும் கடைக்காரர்கள் விதியைச் சரியாகச் சொல்வதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். இந்த விதியை யாரும் சொல்லவில்லைதான். சொல்லாமலே எனக்குத் தெரியும். மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கே போகிறது? நாய் குரைக்கும், பூனை கத்தும் என்று படித்துப் படித்து, ஒவ்வொரு பொருளும் ஏதாவது சத்தம் போட்டே ஆக வேண்டும் என்று நினைத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதும் ஒரு வேலைதான் என்று எந்த உதாரணத்திலும் இல்லை.

“என்னக்கா, ஒரேயடியா யோசனை?” என்றாள் குடோன்காரி.

“ஐஸ் பெட்டியை மட்டும் பேசாம இருக்கச் சொல்லிட்டா முடிஞ்சுது. ரெண்டு வரி” என்றேன்.

“சேரு? இப்ப அந்த வீட்டுல கெடக்கிற சேரு நம்மளுதுதான். முந்தாநாள் கல்யாண வீட்டுலருந்து வந்தது. அதுக்கு என்ன சொல்லுவீங்க?”

அதுதான். பெட்டியின் வாயைக் கட்டினால் போதாது. சேருக்குத் தெரியாது தான் எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று. வீட்டில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் கடைக்குப் போய்க் கேட்கக் கூசி எழுதாமல் விட்ட ‘விசேஷம்’ கிளாஸில்தான் எல்லாம் இருக்கிறது.

“நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? போன்ல கேப்பீங்களா, என்ன விசேஷம்னு?” என்று கேட்டேன். குடோனுக்குப் போன அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“கேக்கவே மாட்டேன். கொரல்லயே தெரியும். கல்யாண வீட்டுக்காரவுக ஒரு சேருக்கு ஒம்பது கேள்வி கேப்பாக. உடையாத சேரா குடு, வெள்ளையா குடு, போன தடவை கொண்டுவந்தவன் சரியில்லைம்பாக. கேத வீட்டுக்காரவுக நாம எத்தனைன்னு சொன்னாலும் சரி சரிம்பாக. அவுக எண்ணிப் பாக்க மாட்டாக.”

இதை நான் எந்தக் கிளாஸில் எழுதுவது?

கடைக்குத் திரும்பியதும் அங்கேயே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். வாழ்த்து வரியைச் சாமானிலிருந்து பிடுங்கினேன். ‘விசேஷம்’ என்று புதிதாக எழுதி அதற்குள் வைத்தேன். பதிவு போடுகிற திரையில் என்ன விசேஷம் என்று ஒரு கட்டம், தட்டினால் பட்டியல் வரும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், கடைசியாகக் கேதம். நாலு பேர் இருந்தார்கள், டீயும் வந்தது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று எனக்கு வெட்கப்படக்கூடத் தெம்பு இல்லை.

அண்ணன் பட்டியலைப் பார்த்ததும் பின்வாங்கினார். “காலையில விளக்கு ஏத்திட்டு வந்து உக்காந்து, இந்த வார்த்தையில கை வைக்கச் சொல்றீங்களா? தெனமும் கண்ணுல படுமே.”

“வேற வார்த்தை போடலாம்ணே.”

“என்ன வார்த்தை போட்டாலும் அதுதானேம்மா?”

குடோன்காரிதான் வழி சொன்னாள். “அந்த எடத்துல ஒண்ணும் போடாம விட்டுர்றேன். வெறுமனே கெடக்கட்டும். வெறுமனே இருந்தா மெசேஜ் போக வேணாம். அவ்வளவுதானே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடத்தில் நான் உறுதியாகக் கற்றது ஒன்று இருந்தால், அது வெற்றிடத்துக்கு அர்த்தம் கொடுக்கக் கூடாது என்பதுதான். வெறுமனே இருந்தால் மறந்துவிட்டார்கள் என்று இருக்கலாம், தெரியவில்லை என்று இருக்கலாம். அதோடு இதையும் சேர்த்தால், நாளைக்கு இந்தப் புரோகிராமைத் திறக்கிற யாரும் அதைப் புரிந்துகொள்ள முடியாது. நான் அதைச் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

“மறந்து போயி ஒரு கல்யாண வீட்டுக்கு வெறுமனே விட்டுட்டா என்னக்கா ஆகும்?” என்றாள் அவள்.

“வாழ்த்துப் போகாது.”

“போகாட்டி?”

ஒன்றும் ஆகாது. நம் கடை வாழ்த்தாததால் நின்றுபோன கல்யாணம் எதுவும் இல்லை. அவள் சொன்னதுதான் சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பட்டியலிலிருந்து கடைசி வார்த்தையை எடுத்தேன். கட்டம் காலியாக இருந்தால் பேசாமல் இருக்கும்படி எழுதினேன். அதற்கு மேலே, பின்னால் வருகிறவர்களுக்காக, புரோகிராமுக்குள்ளேயே தமிழில் ஒரு குறிப்பு எழுதிவைத்தேன்: ‘இந்த இடம் காலியாக இருந்தால் அது தவறு அல்ல. நிரப்ப வேண்டாம்.’

முடித்துவிட்டு அண்ணனைப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரையும் பார்த்தார், நோட்டையும் பார்த்தார்.

“அவுக என்ன சொன்னாக?”

“ஒண்ணும் சொல்லலைண்ணே.”

“அப்ப நானும் ஒண்ணும் சொல்லலை. இன்னும் பதினாறாம் நாள் இருக்கு. சாமான் நம்மகிட்டக் கேக்குறாகளா, வேற கடைக்குப் போறாகளா, அதை வச்சுத்தான்.” நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுக் கடையைப் பூட்டினார். நான் கடைசி டவுன் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை அண்ணன் போன் செய்து, கல்யாண வீடுகளுக்கு மட்டும் முதல் வருட நிறைவுக்கு ஒரு மெசேஜ் போட முடியுமா, ஒரு வரிதானே என்று கேட்டார். பதினோரு மணிக்கு அந்தப் பெரியவர் வீட்டிலிருந்து கடைக்குப் போன் வந்தது. பதினாறாம் நாளுக்கு இரண்டு அண்டா, அறுபது சேர். குடோன்காரி விசேஷக் கட்டத்தை வெறுமனே விட்டுப் பதிவு போட்டாள். சாமான் வண்டியில் ஏறியபோதும் மெசேஜ் எதுவும் போகவில்லை.